யாரும் பார்க்காத நெடுவரிசை: 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா'வின் கொரோனா தரவுச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

2020ஆம் ஆண்டுக்குப் பிறகு நான் மிக அதிகமாகத் திறந்து பார்த்த இணையப் பக்கம் எது என்று கேட்டால், 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா'வின் கொரோனா தரவுப் பக்கம் என்றுதான் சொல்வேன். உடல்நலச் செய்திகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. இந்த நாட்டின் தொற்று எண்ணிக்கையை அந்த நாட்டோடு ஒப்பிட்டு நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்காதவர்கள் அந்த நாட்களில் இல்லை. அந்த நாலு வரிக்காக நான் முழுக்க நம்பியிருந்த சேவையைப் பற்றி, பரபரப்பெல்லாம் அடங்கிய பிறகு ஒரு மதிப்பீடு எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்துவந்தது.

சேவை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருளாதார ஆய்வாளர் மேக்ஸ் ரோசர் தொடங்கி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு நடந்துவரும் இந்தத் தளத்துக்குக் கட்டணம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. மானியத்திலும் வாசகர்களின் நன்கொடையிலும் நடக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், வரைபடத்தையும் அதற்குப் பின்னால் உள்ள தரவையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தொற்று, மரணம், பரிசோதனை, தடுப்பூசி என்று வேண்டிய அளவைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய நாடுகளைச் சேர்த்து, அன்றாட எண்ணா ஏழு நாள் சராசரியா என்று சொல்லி, மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிடும் கட்டத்தையும் தட்டிவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் கோடுகள் வரைந்து தரப்படும். இவ்வளவு எளிதாக இயங்கும் பொதுத் தரவுச் சேவை வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை.

அந்த எளிமைதான் என் முதல் குறையும் ஆகும். நாட்டின் பெயரைத் தட்டினால் கோடு வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு கோடும் வெவ்வேறு பொருளை எண்ணி வந்தது என்பது கோட்டைப் பார்த்தால் தெரிவதில்லை. தொற்று வரைபடத்தின் தலைப்புக்குக் கீழே, பரிசோதனைகள் குறைவாகவே செய்யப்படுவதால் உறுதிசெய்யப்பட்ட எண்ணிக்கை உண்மையான தொற்றைவிடக் குறைவாகவே இருக்கும் என்ற பொருளில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். மரண வரைபடத்தின் கீழே, மரணத்துக்குக் காரணம் குறிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் எண்ணிக்கை துல்லியமாக இல்லாமல் போகலாம் என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டுமே சரியான வாக்கியங்கள்தான். ஆனால் எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அதே வாக்கியம் வருவதால், நாலைந்து முறை பார்த்த பிறகு, மருந்துப் பெட்டியில் உள்ள எச்சரிக்கையைக் கண் தாண்டிப் போவதுபோல் இதையும் தாண்டிப் போய்விடுகிறது.

பரிசோதனைத் தரவில் நிலைமை நேர்மாறானது. தொற்று, மரண எண்களை இத்தளம் மொத்தமாக வேறிடத்திலிருந்து பெற்றுவந்தது: 2020 நவம்பர் இறுதிவரை ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையத்திடமிருந்தும், பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திடமிருந்தும், 2023 மார்ச் முதல் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்தும். பரிசோதனை எண்களை மொத்தமாகத் தருவதற்கு அப்போது யாரும் இல்லாததால், நாடு நாடாக அமைச்சக அறிக்கைகளையும் அரசுத் தளங்களையும் தேடிப் பிடித்துத் தாங்களே தொகுத்தார்கள். கையால் தொகுத்தவர்களுக்கு ஒவ்வொரு நாடும் எதை எண்ணுகிறது என்ற கேள்வியிலிருந்து தப்ப வழி இல்லை. ஆகவே தரவிறக்கம் செய்யும் பெரிய கோப்பில், பரிசோதனை எண்களுக்கு அருகிலேயே, பரிசோதனையின் அலகு என்ன என்று சொல்வதற்கென்றே ஒரு நெடுவரிசை வைத்தார்கள். செய்யப்பட்ட பரிசோதனைகள், பரிசோதிக்கப்பட்ட ஆட்கள், பரிசோதிக்கப்பட்ட மாதிரிகள், அலகு தெளிவாக இல்லை என்று அதில் நான்கு விதமான பதில்கள் வரும். இந்தச் சேவை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு நெடுவரிசைதான். அதில் 'அலகு தெளிவாக இல்லை' என்று நேர்மையாக எழுதி வைத்த துணிவு இன்னும் பிடிக்கும்.

அதன் அருமை எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரம் பேருக்கு எத்தனை பரிசோதனை என்ற வரைபடத்தை வைத்து இரண்டு நாடுகளை ஒப்பிட்டு, ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு பரிசோதிக்கிறது என்று ஒருமுறை எழுதிவிட்டேன். ஒரு நாடு மாதிரிகளை எண்ணுகிறது, மற்றது ஆட்களை எண்ணுகிறது என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டியபோது கோப்பைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. குறிப்பு அங்கேயே இருந்தது, பார்க்காதது என் தவறு. திருத்தம் வெளியிட்டோம், திருத்தத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பார்க்கலாம். பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே ஒருவரை விடுவிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரை 2020 மே மாத இறுதியில் மாற்றப்பட்டது. ஒருவருக்கு முதல் மாதிரியில் தொற்று உறுதியாகிறது, பத்து நாள் கழித்து எடுத்ததிலும் தொற்று இருக்கிறது, அடுத்த இரண்டிலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆட்களை எண்ணும் நாட்டின் கணக்கில் ஒருவர் பரிசோதிக்கப்பட்டார், ஒருவருக்குத் தொற்று. மாதிரிகளை எண்ணும் நாட்டின் கணக்கில் நான்கு பரிசோதனை, ஒரு புதிய தொற்று. தொற்று உறுதியாகும் விகிதம் முதல் நாட்டில் நூறு விழுக்காடு, இரண்டாவதில் இருபத்தைந்து. கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு முன் இந்த விகிதம் இரண்டு வாரங்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2020 மே மாதத்தில் அதே நிறுவனம் சொன்னபோது, நாடுகளெல்லாம் அந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டன. எதை எதால் வகுத்துப் பெற்ற ஐந்து என்பது அடிக்குறிப்போடு நின்றுவிட்டது.

எதைக் கொண்டு பரிசோதித்தார்கள் என்பது இன்னொரு சிக்கல். பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுவைத் தேடுகிறது; ஆன்டிஜென் பரிசோதனை அதன் புரதத்தைத் தேடுகிறது; எதிர்ப்பொருள் பரிசோதனையோ உடல் அந்த வைரஸை எப்போதோ சந்தித்ததா என்று மட்டுமே சொல்லும். பெரு நாடு விரைவு எதிர்ப்பொருள் பரிசோதனையில் தெரிந்தவர்களையும் தொற்றாளர் கணக்கில் சேர்த்தது. அமெரிக்காவில் 2020 மே மாதத்தில், சில மாகாணங்களும் மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையமுமே வைரஸ் பரிசோதனையையும் எதிர்ப்பொருள் பரிசோதனையையும் ஒரே கூட்டலில் போட்டிருந்தது வெளியே வந்தது. தென் கொரியா 2022 மார்ச் 14 முதல், மருத்துவர் செய்த விரைவு ஆன்டிஜென் பரிசோதனையையே உறுதிப்பாடாக ஏற்றுக்கொண்டது. அதே பரிசோதனையில் தெரிந்தவரை அமெரிக்காவின் வரையறை 'தொற்று இருக்கக்கூடியவர்' என்ற தனி வகையில் வைத்திருந்தது.

இனி, இந்தச் சேவை மொத்தமாகப் பெற்றுவந்த தொற்று எண்களுக்கு வருவோம். என் மனக்குறை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. சீனாவின் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 12ஆம் தேதிக்கான கணக்கில் ஹூபேய் மாகாணம் ஒரே நாளில் 14,840 புதிய தொற்றாளர்களைக் காட்டியது. அவர்களில் 13,332 பேர் ஆய்வக முடிவு இல்லாமல், அறிகுறியையும் நுரையீரல் படத்தையும் வைத்து மருத்துவர்கள் முடிவு செய்தவர்கள். பரிசோதனைக் கருவி போதாத நிலையில் நோயாளிகளைச் சீக்கிரம் சிகிச்சைக்குள் கொண்டுவரச் செய்யப்பட்ட வரையறை மாற்றம் அது. ஒரு வாரத்திலேயே மீண்டும் மாற்றப்பட்டது. அறிகுறி இல்லாதவர்களை உறுதியான தொற்றாளர் கணக்கில் சேர்க்காமல், ஏப்ரல் 1 முதல் தனியாக அறிவித்தது அந்த நாடு. கோட்டில் தெரிவதோ ஒரு கூர்முனை மட்டும்தான். அந்த முனையை நோயின் உச்சம் என்று எண்ணி எழுதப்பட்ட கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன்.

துருக்கியின் கதை இதைவிட விசித்திரமானது. 2020 ஜூலை இறுதியிலிருந்து அந்த நாட்டின் அன்றாட அறிவிப்பில் 'தொற்றாளர்' என்ற சொல் இருந்த இடத்தில் 'நோயாளி' என்ற சொல் வந்தது. அதாவது, தொற்று உறுதியாகியும் அறிகுறி இல்லாதவர்கள் கணக்கிலிருந்து நீங்கினார்கள். சொல் மாறியதை முதலில் பலரும் கவனிக்கவில்லை. நவம்பர் 25 அன்று மறுபடியும் எல்லாரையும் எண்ணத் தொடங்கியபோது, முந்தைய நாள் 7,000ஐச் சற்றுத் தாண்டியிருந்த எண் 28,351 ஆனது. ஒரே இரவில் நோய் நான்கு மடங்கு ஆகிவிடவில்லை என்பதைச் சொல்ல அந்தக் கோட்டின்மேல் ஒரு சிறு புள்ளியும் இரண்டு வார்த்தைகளும் போதும், அவை இல்லை.

ஏழு நாள் சராசரி இந்த இடத்தில் உதவுவதற்குப் பதிலாகக் கண்ணை ஏமாற்றும். விட்டுப்போன பழைய கணக்கை ஒரு நாடு ஒரே நாளில் கொட்டினால், அன்றாட வரைபடத்தில் அது ஒற்றைக் குச்சியாக நிற்கும்; பார்ப்பவருக்கே சந்தேகம் வரும். சராசரியில் அதே எண் ஏழாகப் பங்கிடப்பட்டு, ஏழு நாள் அகலமுள்ள மேசைபோல் எழுந்து நிற்கும். கோடு செங்குத்தாக ஏறி, ஒரு வாரம் தட்டையாக ஓடி, செங்குத்தாக இறங்கினால் அது எழுத்தர் மேசையின் வேலை, கிருமியின் வேலை அல்ல என்று நான் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் விடுபட்டது, பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காததால்தான். நோயைக் கண்காணிக்கும் ஏற்பாட்டில் வரையறையும் பரிசோதனையும் சரியாக இருந்தாலும், கோப்பு வடிவம் என்று ஒன்று இருக்கிறது.

அதே இங்கிலாந்து 2022 ஜனவரி 31 வரை ஒருவரை ஒருமுறைதான் எண்ணியது. அன்றிலிருந்து, 90 நாட்களுக்குப் பிறகு மறுபடியும் தொற்று உறுதியானால் புதிய தொற்றாகச் சேர்த்தது. இரண்டாம் முறை தொற்று வந்தவரை ஆளாக எண்ணுவதா, நிகழ்வாக எண்ணுவதா என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான பதில் அப்போது இல்லை.

மரணக் கணக்கில் நீட்டி முழக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே இந்தச் சேவையே மருந்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறது. பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் பரிசோதிக்கப்படாமல் இறந்தவர்களையும் சந்தேகத்தின் பேரில் சேர்த்து எண்ணியதால் பட்டியலின் உச்சிக்குப் போனது. பிரிட்டன் 2020 ஆகஸ்ட் 12 அன்று, தொற்று உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மட்டுமே கணக்கு என்று வரையறையை மாற்றியதும் 5,377 மரணங்கள் பட்டியலிலிருந்து நீங்கின. பெரு 2021 மே 31 அன்று தன் மரண எண்ணிக்கையை 69,342இலிருந்து 1,80,764 ஆகத் திருத்தியது. இத்தனை குழப்பத்தையும் தாண்டிப் போக, வழக்கமான ஆண்டுகளில் எதிர்பார்க்கக்கூடிய மரணங்களைவிட எத்தனை கூடுதல் என்று காட்டும் மிகை மரண வரைபடங்களை இத்தளம் தருகிறது. அதற்கும் மரணப் பதிவு ஒழுங்காக உள்ள நாடாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் வெளியிட்ட மதிப்பீட்டில், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து உலகின் மிகை மரணம் சுமார் 1.49 கோடி என்றது. நாடுகள் அறிவித்திருந்தது 54 லட்சம். இந்தியாவுக்கு அது சொன்ன 47 லட்சத்தை, சுமார் 4.8 லட்சம் என்று அறிவித்திருந்த இந்திய அரசு ஏற்கவில்லை. கணக்கிட்ட முறையையே மறுத்தது.

எண்ணே தராத நாடுகளை இந்தச் சேவை எப்படிக் காட்டுகிறது என்பது இன்னொரு தொல்லை. தான்சானியா 2020 ஏப்ரல் இறுதியில் 509 தொற்று என்று சொல்லிவிட்டு ஓராண்டுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. துர்க்மெனிஸ்தான் ஒரு தொற்றுகூட இல்லை என்றே சொல்லிவந்தது. வட கொரியா 2022 மே மாதத்திலிருந்து 'காய்ச்சல் கண்டவர்கள்' என்று ஒரு எண்ணைச் சொன்னது. அது 47 லட்சத்தைத் தாண்டியது. பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் காய்ச்சலை எண்ணுவது தவறில்லை, அது ஒரு வரையறைதான்; அதை உறுதிசெய்யப்பட்ட தொற்று என்ற நெடுவரிசையில் எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். மொத்த எண்ணிக்கை வரைபடத்தில், மௌனமாக இருந்த நாட்டின் கோடும் நோயை வென்ற நாட்டின் கோடும் ஒரே மாதிரி படுத்துக் கிடக்கும்.

இவையெல்லாம் கொரோனாவோடு வந்த புதுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா 1993 ஜனவரியில் எய்ட்ஸ் நோயின் வரையறையை விரித்து, எச்ஐவி தொற்றியவர்களில், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான சிடி4 அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 200க்குக் கீழே போனவர்களையும் சேர்த்ததும், அந்த ஆண்டில் பதிவான எண்ணிக்கை முந்தைய ஆண்டைப்போல் இருமடங்கைத் தாண்டியது. பிரேசிலில் ஜிகா வைரஸ் பரவியபோது, குறைமாதத்தில் பிறக்காத குழந்தையின் தலைச் சுற்றளவு 33 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் சந்தேகத்துக்குரிய சிறுதலைக் குறைபாடு என்று 2015 இறுதியில் எண்ணத் தொடங்கினார்கள். நலமான குழந்தைகளும் நிறையவே அதில் அகப்பட்டதால் டிசம்பரில் 32 ஆகக் குறைத்தார்கள், அடுத்த ஆண்டு இன்னும் குறைத்தார்கள். அளவு நாடாவில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு நாட்டின் புள்ளிவிவரம் நகர்கிறது. டெங்குவை 2009இல் உலக சுகாதார நிறுவனம் புதிதாக வகைப்படுத்திய பிறகும், பழைய 1997 வகைப்பாட்டையே நாடுகள் சில தொடர்ந்ததால், 'தீவிர டெங்கு' என்ற சொல்லும் 'ரத்தக்கசிவு டெங்கு' என்ற சொல்லும் இன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து குழப்புகின்றன. குரங்கம்மையில் காங்கோ ஜனநாயகக் குடியரசு 2023இல் 14,600க்கு மேற்பட்ட சந்தேகத்துக்குரிய நோயாளிகளை அறிவித்தது. அவர்களில் சிறு பகுதியினருக்கே ஆய்வகப் பரிசோதனை கிடைத்ததால், உறுதிசெய்யப்பட்டவர்களை மட்டும் காட்டும் எந்த வரைபடத்திலும் அந்தப் பெருக்கு ஓடைபோல்தான் தெரியும்.

மற்றச் சேவைகளோடு ஒப்பிட்டால்? லாரன் கார்ட்னர் குழுவினர் 2020 ஜனவரி 22 அன்று தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இணையத் தரவுப் பலகை, வேகத்தில் எல்லாரையும் முந்தியது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு வட்டங்கள் வீங்கிக்கொண்டே போன அந்தப் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வட்டத்தைப் பார்த்துப் பயப்படலாமே தவிர ஒப்பிட முடியாது. 2023 மார்ச் 10உடன் புதிய எண்கள் சேர்ப்பதும் நின்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பலகை அதிகாரபூர்வமானது, ஆனால் நாடு சொன்னதை அப்படியே வைக்கும். என் பார்வையில் இந்தக் கலையை மிகச் சரியாகச் செய்தது, அமெரிக்க மாகாணங்களை மட்டும் தொகுத்து 2021 மார்ச் 7 அன்று வேலையை முடித்துக்கொண்ட கோவிட் டிராக்கிங் புராஜெக்ட்தான். ஒவ்வொரு மாகாணத்தின் தரவுக்கும் பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல் தர எழுத்து போட்டார்கள். எந்த மாகாணம் எதை எப்போது மாற்றி எண்ணியது என்று அந்த மாகாணத்தின் பெயருக்குக் கீழேயே எழுதினார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே அது பெரும்பாடு என்னும்போது, இருநூறு நாடுகளுக்கு அதைச் செய்யச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எனக்கும் தெரியும்.

ஆகவே ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பரிசோதனைத் தரவுக்கு மட்டும் என்றால் ஐந்தும் தருவேன். தமிழில் இல்லாதது ஒரு குறை. அடிக்குறிப்புகள்தான் இங்கே உயிர் என்னும்போது, அவை ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது வரைபடத்தை மட்டும் பார்த்துப் போகிறவர்களின் கூட்டத்தையே பெருக்கும். ஒரு நாட்டின் போக்கை அந்த நாட்டின் பழைய எண்களோடு ஒப்பிட விரும்புகிறவர், வரையறை மாறிய தேதிகளைத் தனியாகத் தெரிந்துகொண்டு, தாராளமாகப் பயன்படுத்தலாம். நாடுகளை ஒன்றுக்குக்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த விரும்புகிறவர் முதலில் கோப்பைத் தரவிறக்கி அலகு நெடுவரிசையைப் படிக்க வேண்டும். 2022க்குப் பிந்தைய தொற்று எண்களை வைத்து எந்த ஒப்பீடும் செய்யாமல் இருப்பது நல்லது; வீட்டுப் பரிசோதனைகள் கணக்குக்கு வராமல் போயின, ஜப்பான் போன்ற நாடுகள் 2023 மே 8 முதல் ஒவ்வொருவரையும் எண்ணுவதை விட்டு, தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளின் எண்களை மட்டும் வாங்கும் முறைக்குப் போய்விட்டன.

பரிசோதனைத் தொகுப்பைத் தளத்தினர் 2022 ஜூன் 23 அன்று நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகுள்ள வரிசைகளில் அந்த நெடுவரிசைகள் வெறுமையாக இருக்கின்றன. அண்மையில் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அந்த வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "ஏன் சார், எல்லா நாடும் அந்த ஜூன் மாதத்தோடு டெஸ்ட் எடுக்கிறதையே விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். நாடுகள் எடுத்துக்கொண்டுதான் இருந்தன, தொகுத்தவர்கள்தான் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி, மூலக் குறிப்பு எந்தத் தாவலில் இருக்கிறது என்று காட்டினேன். அவர் அதைத் தட்டினார். படித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று.